சிறு முகிலாகத் தெரிந்த பேரடை

கடந்த டிசம்பர் விடுமுறையில் ஓரிரவு மின்சாரம் நின்றுபோனது. இஷா தொழுதுவிட்டு வந்த வாப்பாவுடன் மொட்டை மாடியில் நின்றேன். மழைமேகம் விலகியிருந்தது. வடக்கு வானில் மங்கிய பஞ்சுத் துண்டு போல ஏதோ தெரிந்தது. "முகில்தான் மகள்" என்றார் வாப்பா. ஆனால் அரை மணி நேரமாகியும் அது கலையவில்லை. பக்கத்து விண்மீன்களோடு சேர்ந்தே நகர்ந்தது.

அதுதான் அந்திரொமீடா. கோடிக்கணக்கான விண்மீன்கள் கூட்டமாகச் சுழலும் ஒரு சுருள் பேரடை. நமது பால்வீதியும் அத்தகையதே. "25 இலட்சம் ஒளியாண்டுகள் தூரம் வாப்பா" என்றேன். "யார் போய் அளந்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான பதிலே இக்கட்டுரை.

அந்திரொமீடாவைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பதிவு, பாரசீக வானியலாளர் அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூஃபி 964ஆம் ஆண்டளவில் அரபியில் எழுதிய 'நிலைத்த விண்மீன்களின் நூல்' ஆகும். அவரும் அதைச் 'சிறு முகில்' என்றே குறிப்பிட்டார். 1880களில் இங்கிலாந்தின் ஐசக் ரொபர்ட்ஸ் எடுத்த ஒளிப்படங்களில் அதன் சுருள் வடிவம் தெரிந்தது. அப்போதும் அது பால்வீதிக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பது தெரியவில்லை. 1920இல் வாஷிங்டனில் இதுபற்றி நடந்த விவாதமும் முடிவின்றியே கலைந்தது. தூரம் தெரியாமல் எதையும் தீர்மானிக்க முடியாது.

இருளில் தெரியும் ஒரு விளக்கு சிறியதாகப் பக்கத்தில் இருக்கலாம். பெரியதாகத் தூரத்திலும் இருக்கலாம். அதன் வாற்று அளவு தெரிந்தால், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைக் கொண்டு தூரத்தைக் கணிக்கலாம். விண்மீனின் 'வாற்று அளவை' அறிய வழி கண்டவர் ஹென்ரியெட்டா லெவிட் என்ற பெண்.

அவர் அமெரிக்காவின் ஹார்வர்ட் அவதான நிலையத்தில் மணிக்கு 30 சதம் கூலிக்கு வேலை செய்தார். செவிப்புலன் குன்றியவர். அங்கு பெண்களுக்குத் தொலைகாட்டியை இயக்கும் வேலை கிடைக்கவில்லை. ஒளிப்படத் தகடுகளைப் பார்த்துக் கணக்கெடுக்கும் வேலையே கிடைத்தது. சில விண்மீன்கள் ஒழுங்கான கால இடைவெளியில் மங்கி மங்கிப் பிரகாசிக்கும். சிறிய மகெல்லன் முகிலிலுள்ள அத்தகைய 25 விண்மீன்களை அவர் ஒப்பிட்டார. அவை எல்லாம் நம்மிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருப்பவை. ஆவர்த்தன காலம் கூடக்கூட, விண்மீனின் உண்மைப் பிரகாசமும் கூடுகிறது என்று 1912இல் காட்டினார்.

1923 ஒக்டோபரில் எட்வின் ஹபிள், கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனிலுள்ள 100 அங்குலத் தொலைகாட்டியால் அந்திரொமீடாவைப் படமெடுத்தார். அதிலே அதே வகை விண்மீன் ஒன்று இருந்தது. அதன் ஆவர்த்தன காலம் ஏறக்குறைய 31 நாட்கள். லெவிட்டின் விதியைப் பொருத்தினார். 9 இலட்சம் ஒளியாண்டுகளுக்கு மேல் வந்தது. பால்வீதிக்கு அன்று சொல்லப்பட்ட மிகப் பெரிய அகலமே 3 இலட்சம்தான். ஆகவே அந்திரொமீடா வெளியே இருக்கும் இன்னொரு பேரடை! பின்னர் அளவீடுகள் திருந்தி, அத்தூரம் 25 இலட்சமானது.

லெவிட் இதை அறியவில்லை. 1921இலேயே இறந்துவிட்டார். 1925இல் சுவீடன் கணிதவியலாளர் ஒருவர் அவரை நோபல் பரிசுக்கு முன்மொழிய எண்ணிக் கடிதம் எழுதியபோது, அதைப் படிக்க அவர் இல்லை.

நான் கணிதப் பிரிவைத் தெரிவு செய்தபோது, "பொம்புளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. லெவிட்டின் கதையைச் சொல்லி முடித்தபோது வாப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவருக்கும் இந்தக் கதையைச் சொல்லு மகள்" என்றார்.

நிலவில்லாத, மழை விட்ட டிசம்பர் இரவொன்றில் நீங்களும் வடக்கே பாருங்கள். கலையாத ஒரு முகில் தெரியும்.