மணப்பது எரிந்த சாம்பிராணி அல்ல

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கைக்குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியதும் சாம்பிராணி காட்டச் சொல்கிறார் மாமியார். கிருமி செத்துவிடும் என்று கடைக்காரரும் சொல்கிறார். காட்டலாமா?"

முதலில் அந்தப் புகையைப் பார்ப்போம். கொட்டாங்குச்சித் தணலில் ஒரு சிட்டிகை தூவியதும் குபுகுபுவென்று கிளம்பும் வெள்ளைப் புகையில் பெரும்பகுதி எரிந்து வந்ததே அல்ல. சாம்பிராணி, ஸ்டைராக்ஸ் மரத்தின் பிசின். அதிலுள்ள பென்சாயிக் அமிலம் 122 டிகிரி செல்சியஸில் உருகும். உருகுமுன்பே ஆவியாகத் தொடங்கிவிடும். மேலெழுந்த ஆவி, குளிர்ந்த காற்று பட்டதும் நுண்துகளாக உறைகிறது. நம் கண்ணுக்குப் புகையாகத் தெரிவது அதுதான்.

இட்லிப்பானையில் தண்ணீர் எரிகிறதா என்ன? ஆவியாகி மூடியில் முத்து முத்தாகத் துளிர்க்கிறது. இங்கே அறைக்காற்றுதான் மூடி. பானையில் நீர் வற்றினால் அடி தீய்ந்து நாறும். தணல் மிஞ்சினால் சாம்பிராணியும் கருகும். தணல்மேல் சாம்பல் படியும். சூடு நேரே தாக்காமல் அது மட்டுப்படுத்துகிறது. நீறு பூக்கும்வரை பாட்டிகள் காத்திருந்தது இதற்காகத்தான். பிசின் தீப்பிடித்துச் சுடர்விட்டால் மண மூலக்கூறுகள் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் சிதைந்துவிடும். இரண்டுக்கும் வாசனை கிடையாது. நம் மூக்கை எட்டுபவை தீயிடம் சிக்காமல் தப்பியவை! ஊதுபத்தியிலும் இதே கதைதான். எரிவது கரித்தூளும் மரத்தூளும். கங்குக்குச் சற்றுக் கீழே இருக்கும் வாசனை எண்ணெய், நெருப்பு வந்து சேருமுன் ஆவியாகிவிடுகிறது.

வரலாறும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சாம்பிராணி விளையும் சுமத்ராவின் பாருஸில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088இல் தமிழிலேயே கல்வெட்டு வைத்தது. நம் டெல்டாவின் திருக்கடவூரிலோ, நெல் வாங்க மனைவி கழற்றித் தந்த தாலிக்குக் குங்கிலியம் வாங்கினார் குங்கிலியக்கலய நாயனார். அது வேறு மரத்துப் பிசின். மணக்கும் விதம் ஒன்றே.

இனி கிருமி விஷயம். ஊறுகாயும் குளிர்பானமும் கெடாமலிருக்கப் பென்சாயிக் அமிலத்தையோ அதன் உப்பையோ சேர்ப்பது உண்மை. ஆனால் அது புளிப்பான திரவத்தில் கரைந்து நாள்கணக்கில் நின்று செய்யும் வேலை. அறையில் சில நிமிடங்கள் மிதக்கும் புகைக்கு அதே பெருமையைச் சூட்டி விற்பது ஏமாற்று. அந்தத் துகள்களில் பெரும்பாலானவை 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. நுரையீரலின் அடிவரை போகும். இத்தகைய துகள்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வரம்பு, 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். மூடிய அறையில் தூபம் போட்டால் அந்த நேரத்தில் காற்றிலுள்ள துகள் இதைப் பல மடங்கு தாண்டும். போதாக்குறைக்கு, தணலிலிருந்து வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு வேறு.

ஆகவே குழந்தைக்கு வேண்டாம், அம்மா. பருத்தித் துண்டால் தலையைத் துவட்டினால் போதும். பூசைக்குக் காட்டும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். புகை அடங்கும்வரை குழந்தை வேறு அறையில் இருக்கட்டும்.