நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன்: இன்ஜின் சத்தம் போகுது, ஹாரன் ஏன் போகலை?

(எபிசோடில் பேசியது, படிக்க வசதியாகத் திருத்தித் தரப்பட்டிருக்கிறது.)

இந்த வாரம் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் பத்திப் பேசப்போறோம். ஏஎன்சி, அதாவது ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன் இருக்கிற ஹெட்ஃபோனைப் புதுசா வாங்குற எல்லாரும் முதல் வாரத்துலயே கேக்குற கேள்வி ஒண்ணு உண்டு: "பஸ் இன்ஜின் சத்தம் சுத்தமா போயிடுது. ஆனா ஹாரன் கேக்குது, பக்கத்து சீட்காரர் போன்ல பேசுறதும் கேக்குது. என் பீஸ் ஃபால்ட்டா?"

ஃபால்ட் எல்லாம் இல்லை. அது அப்படித்தான் வேலை செய்யும். ஏன் அப்படி, அதுல நமக்கு என்ன லாபம், எங்கே ஆபத்து, இதைத்தான் இன்னைக்குப் பார்க்கப்போறோம்.

நான் இருக்கிறது கேளம்பாக்கத்துல. ஓஎம்ஆர், வண்டலூர் ரோடு, கோவளம் ரோடு மூணும் சேர்ற ஜங்ஷனைத் தெரிஞ்சவங்களுக்குச் சத்தம்னா என்னன்னு விளக்க வேண்டியதில்லை. டிப்பர் லாரி, தண்ணி லாரி, காலேஜ் பஸ், ஐடி கம்பெனி வேன், ஷேர் ஆட்டோ எல்லாம் ஒரே சிக்னல்ல நிக்கும். பச்சை விழுறதுக்கு முன்னாடியே பின்னாடி இருந்து ஹாரன் ஆரம்பிச்சிடும். இந்த ஜங்ஷனையே நம்ம பரிசோதனைக் கூடமா வெச்சுக்கலாம்.

சத்தத்தைச் சத்தத்தாலயே அடிக்கிறது

சத்தம்கிறது காற்றழுத்தம் ஏறி இறங்குறதுதான். ஹெட்ஃபோன்ல இருக்கிற குட்டி மைக் அந்த ஏற்ற இறக்கத்தைக் கேட்கும். உள்ளே இருக்கிற சிப், அதுக்கு நேர் எதிரான ஓர் அலையைக் கணக்குப் போட்டு ஸ்பீக்கருக்கு அனுப்பும். வெளிச் சத்தம் அழுத்தத்தைக் கூட்டுற அதே நொடியில் ஸ்பீக்கர் அழுத்தத்தைக் குறைக்கும். ரெண்டும் காதுக்குள்ள சந்திக்கும்போது கிட்டத்தட்ட சமன் ஆகிடும்.

"அப்போ காதுக்குள்ள ரெண்டு சத்தம் போகுதே, டபுள் பாதிப்பு ஆகாதா?"ன்னு சிலர் பயப்படுறாங்க. ஆகாது. செவிப்பறைக்குத் தெரியுறது அந்த ரெண்டும் சேர்ந்த மொத்த அழுத்தம்தான். அது குறைஞ்சிருந்தா, சத்தம் குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம்.

இந்த யோசனை ரொம்பப் பழசு. பால் லூக் என்ற ஜெர்மன் இயற்பியலாளருக்கு 1936-லேயே இதுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைச்சிடுச்சு. ஆனா அந்த வேகத்துல கணக்குப் போடுற எலக்ட்ரானிக்ஸ் அப்போ கிடையாது.

ஹெட்ஃபோனா இது பிரபலமானதுக்குப் பின்னாடி இருக்கிறவர் அமர் போஸ். எம்ஐடி பேராசிரியர், போஸ் கம்பெனியை ஆரம்பிச்சவர். அவரோட அப்பா வங்காளத்துல இருந்து அமெரிக்கா போன சுதந்திரப் போராட்டக்காரர். 1978-ல் சூரிச்ல இருந்து பாஸ்டனுக்குப் பறக்கும்போது, விமானத்துல கொடுத்த ஹெட்ஃபோன்ல பாட்டை ரசிக்க முடியாம இன்ஜின் இரைச்சல் கெடுத்தது. அந்தப் பயணத்துலயே உட்கார்ந்து சமன்பாடு எழுத ஆரம்பிச்சுட்டார். 1986-ல் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றி வந்த வாயேஜர் விமானத்தின் ரெண்டு விமானிகளும் போஸோட சோதனை ஹெட்செட்டைத்தான் போட்டிருந்தாங்க. 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது. பயணிகள் வாங்குற மாடல் வந்தது 2000-ல்.

கவனிங்க, இந்தக் கருவி பிறந்தது விமானத்துக்காக. விமானத்துக்குள்ள மணிக்கணக்கா ஒரே மாதிரி "ஹ்ம்ம்ம்"னு ஓடுற சத்தம். நம்ம ஜங்ஷன் அப்படி இல்லை.

ஹாரன் ஏன் தப்பிக்குது?

இதுக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். காற்றுல ஒலியோட வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். இன்ஜின் உறுமல் மாதிரி 100 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஓர் அலை 3.4 மீட்டர் நீளம். கீச்சுன்னு கேக்குற 4,000 ஹெர்ட்ஸ் சத்தத்தின் அலை வெறும் 8.5 சென்டிமீட்டர்.

எதிர் அலை சரியான இடத்துல விழணும். ஓர் அலையில் ஆறில் ஒரு பங்கு தள்ளி விழுந்தாலே சத்தம் கொஞ்சமும் குறையாது. அதுக்கும் மேல தள்ளிப் போனா சத்தம் கூடிடும்! இன்ஜின் உறுமலுக்கு அந்த ஆறில் ஒரு பங்கு சுமார் 57 சென்டிமீட்டர். தாராளமா இடம் இருக்கு. கீச்சுச் சத்தத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. ஸ்பீக்கருக்கும் செவிப்பறைக்கும் இடையில இருக்கிற தூரமே அதை விட அதிகமாகலாம்.

அதனாலதான் ஏஎன்சி பெரும்பாலும் ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே நல்லா வேலை செய்யுது. அதுக்கு மேல இருக்கிறதைத் தடுக்கிறது காதை மூடுற குஷனும் சிலிகான் டிப்பும்தான். டிப் சைஸ் சரியில்லைன்னா எவ்வளவு விலை கொடுத்தும் பிரயோஜனம் இல்லை. பாக்ஸ்ல மூணு சைஸ் கொடுக்கிறாங்களே, மூணையும் போட்டுப் பாருங்க.

இன்னொரு காரணமும் இருக்கு. இன்ஜின், ஏசி, ஃபேன் எல்லாம் ஒரே சீரா ஓடுறதால அடுத்த நொடி என்ன வரும்னு சிப்புக்குத் தெரியும். ஹாரனும் மனுஷக் குரலும் திடீர்னு வந்து திடீர்னு மாறும். சிப் கணக்கை முடிக்கிறதுக்குள்ள அது காதுக்குப் போய்ச் சேர்ந்திடும்.

லாபம் எங்கே?

பாட்டு நல்லா கேக்குறது இருக்கட்டும். பெரிய லாபம் வால்யூமைக் குறைக்க முடியுறதுதான். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற வரம்பு, 80 டெசிபெல்ல வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிடும். 90 டெசிபெல்னா வாரத்துக்கு 4 மணி நேரம். 100-ன்னா வெறும் 20 நிமிஷம்.

கேளம்பாக்கத்துல பஸ் ஏறி ரொம்ப தூரம் போறீங்கன்னு வெச்சுக்கோங்க. பஸ் இரைச்சலைத் தாண்டிப் பாட்டு கேக்கணும்னு சாதா இயர்போன்ல வால்யூமை ஏத்திட்டே போவோம். ஒரே நாள்ல போக வர அந்த 4 மணி நேரம் தீர்ந்திடலாம். ஏஎன்சி இரைச்சலைக் குறைச்சா வால்யூமை ஏத்தத் தேவையில்லை. ஆனா ஏஎன்சி போட்டும் பழைய வால்யூம்லயே கேட்டா, காதுக்கு ஒரு லாபமும் கிடையாது. உட்காதுல ஒலியை உணர்ற மெல்லிய மயிர்செல்கள் ஒரு தடவை செத்துட்டா மறுபடி முளைக்காது.

குறைகள்

சிலருக்கு ஏஎன்சி ஆன் பண்ணதும் காது அடைச்ச மாதிரி, லிஃப்ட்ல வேகமா ஏறின மாதிரி இருக்கும். உண்மையில அழுத்தம் எதுவும் மாறலை. தாழ்ந்த சத்தங்கள் திடீர்னு காணாம போனதை மூளை அப்படிப் புரிஞ்சுக்குது. ஒத்துக்கலைன்னா ஏஎன்சி அளவைக் குறைச்சுப் பாருங்க.

பைக்லயோ ஜன்னல் ஓரத்துலயோ காத்து நேரா மைக்ல அடிச்சா புஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேக்கும். பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். நம்ம ஊர் வேர்வையில் மணிக்கணக்கா இயர்பட்ஸ் போட்டிருந்தா காதுக்குள்ள ஈரம் தங்கிப் பூஞ்சைத் தொற்று வரலாம். அப்பப்போ கழட்டிக் காத்தாட விடுங்க. அடுத்தவங்களோட பகிர்ந்துக்காதீங்க.

வாங்கும்போது ஒரு எழுத்து வித்தியாசத்தைப் பாருங்க. ஈஎன்சின்னு போட்டிருந்தா, நீங்க போன் பேசும்போது எதிர்ல இருக்கிறவருக்கு உங்க பக்கத்து இரைச்சல் குறைவா கேக்கும்னு அர்த்தம். உங்க காதுக்கு அதனால எந்த அமைதியும் கிடைக்காது. உங்களுக்கு வேணும்னா ஏஎன்சி. அதுலயும் "40 டெசிபெல் வரை"ன்னு போட்டிருந்தா, "வரை"ங்கிற வார்த்தையைப் படிங்க. ஏதோ ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் கிடைச்ச உச்ச அளவு அது.

எல்லாத்தையும் விட முக்கியமானது

ஏஎன்சி எதை நல்லா அழிக்கும்னு பார்த்தோம்? தாழ்ந்த, சீரான உறுமலை. பின்னாடி வர்ற லாரியை ஹாரனுக்கு முன்னாடியே காட்டிக்கொடுக்கிறது எது? அதே உறுமல். ஹாரன் கொஞ்சமாவது கேக்கும். ஆனா "ஏதோ பெருசா வருது"ன்னு நம்ம திரும்பிப் பார்க்க வைக்கிற அந்தச் சத்தத்தைத்தான் கருவி முதல்ல எடுத்திடுது.

தாம்பரம் – செங்கல்பட்டு லைன்ல ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டுத் தண்டவாளம் தாண்டுறவங்களைப் பார்த்திருப்பீங்க. 90 கிலோமீட்டர் வேகத்துல வர்ற ரயில் ஒரு விநாடிக்கு 25 மீட்டர் கடக்கும். 100 மீட்டர் தள்ளி இருக்கிற ரயில் உங்ககிட்ட வர 4 விநாடி. அந்த 4 விநாடியில கேட்டு, திரும்பி, புரிஞ்சு, நகரணும். தண்டவாளத்துல அத்துமீறி நுழையுறது 1989-ம் வருஷ ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவுப்படி குற்றம். 6 மாசம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, ரெண்டுமோ விதிக்கலாம். ஆனா அபராதத்துக்குப் பயந்து இல்லை, அந்த 4 விநாடிக்காக மேம்பாலம் ஏறுங்க.

டிரான்ஸ்பரன்சி மோட் வெளிச் சத்தத்தை மைக் வழியா உள்ளே விடும். நடைபாதைக்கு அது பரவாயில்லை. ரோடு தாண்டும்போதும், வண்டி ஓட்டும்போதும், தண்டவாளம் பக்கத்துலயும் அதை நம்பாதீங்க. கழட்டிப் பைக்குள்ள வெச்சிடுங்க.

நாளைக்கு பஸ்ல ஏறினதும் ஒண்ணு செஞ்சு பாருங்க. சீட்ல உட்கார்ந்து, பாட்டு போடாம ஏஎன்சியை மட்டும் ஆன் பண்ணுங்க. ஒரு நிமிஷம் கழிச்சு, பாட்டை ரொம்பக் கம்மி வால்யூம்ல ஆரம்பிச்சு, வரிகள் புரியுற இடத்துல நிறுத்திடுங்க. வழக்கமா நீங்க வெக்கிறதுக்கும் இதுக்கும் எத்தனை புள்ளி வித்தியாசம்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க. இறங்குற ஸ்டாப்புக்கு முன்னாடி கழட்டிடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.