சேகோ ஆலைத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சலாமா?

"கிணறு வற்றிக் கிடக்கிறது. பக்கத்து சேகோ ஆலைக்காரர் கழிவுத் தண்ணீரை இலவசமாகவே விடுகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா பாய்?" குத்தகை நிலத்தில் பயிர் செய்யும் சகோதரர் ஒருவர் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் கேட்ட கேள்வி இது. சேலம், நாமக்கல் பகுதியில் ஆலைகளை ஒட்டி விவசாயம் செய்யும் நம் குடும்பங்கள் அனைவருக்கும் பயன்படட்டும் என்று இங்கே விளக்குகிறோம்.

ஜவ்வரிசி தயாரிக்க மரவள்ளிக்கிழங்கைக் கழுவி, தோல் நீக்கி, அரைத்து, மாவுப்பாலைத் தொட்டியில் தெளிய விடுகிறார்கள். மாவு அடியில் தங்கியதும் மேலே நிற்கும் தண்ணீரே பெருமளவு கழிவுநீர். கிழங்குத் தண்ணீர்தானே என்று தோன்றும். ஆனால் அதிலுள்ள மாவும் சர்க்கரையும் சீக்கிரமே புளித்து, தண்ணீர் அமிலமாகிவிடும்.

இதை அப்படியே பாய்ச்சினால் மூன்று கெடுதல்கள் உண்டு. முதலாவது, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மாவைத் தின்று பெருகி, அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். வேர் மூச்சுத் திணறும். இரண்டாவது, அதே நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தையும் எடுத்துக்கொள்வதால் பயிர் வெளுக்கும். மூன்றாவது, நுண்ணிய மாவுத்துகள் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். தண்ணீர் இறங்காமல் மேலேயே தேங்கி நாறும். அமிலநீரில் விதையும் சரியாக முளைக்காது. மரவள்ளியில் இயற்கையாகவே உள்ள சயனைடும் இந்நீரில் கலந்து வருகிறது. எனவே ஆடு மாடுகளைக் குடிக்க விடவே கூடாது.

அப்படியானால் இந்தத் தண்ணீர் எதற்குமே உதவாதா? அப்படியில்லை. சாண எரிவாயுக் கலன் போன்ற மூடிய தொட்டியில் இதை மக்க வைத்தால் அழுக்கின் பெரும்பகுதி எரிவாயுவாக மாறிவிடும். இம்மாவட்டங்களில் பல ஆலைகள் இதைச் செய்கின்றன. அதன் பிறகு மேலும் சுத்திகரித்து, நல்ல தண்ணீருடன் கலந்து அளவாகப் பாய்ச்சினால் அதிலுள்ள சாம்பல்சத்து பயிருக்கு உதவும்.

பாசனத்துக்கு விடும் ஆலைநீரில் பி.எச். அளவு 5.5 முதல் 9 வரை இருக்கவேண்டும். பி.ஓ.டி. எனும் அழுக்கின் அளவு லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. இது அரசு விதி. சுத்திகரிக்காத சேகோ நீரில் இது ஆயிரக்கணக்கில் இருக்கும்.

ஆகவே, ஆலைக்காரரிடம் முதலில் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். வீட்டில் ஒரு தட்டில் கிணற்று நீரிலும், இன்னொரு தட்டில் ஆலைநீரிலும் 20 பச்சைப்பயறு முளைக்கட்டிப் பாருங்கள். ஆலைநீரில் முளைப்பு குறைந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். நன்றாக முளைத்தாலும் அதை மட்டும் நம்பிவிடாமல், மண்ணையும் நீரையும் அரசு ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும், ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்திலும் ஆலோசனை பெறலாம். கேட்காமலே வயலில் திறந்துவிட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்கள். மனு எழுத நம் அலுவலகம் உதவும்.

அந்தச் சகோதரருக்கு நாங்கள் சொன்னது இதுதான்: தண்ணீர் இல்லாவிட்டால் ஒரு போகம் நட்டம். மண் கெட்டால் அதைத் தேற்ற எத்தனை போகம் ஆகுமோ! குத்தகை நிலம் நம் கையில் உள்ள அமானிதம். அறிக்கை வரும்வரை மடையைத் திறக்கவேண்டாம்.