குண்டின் ஆற்றல் எங்கே செல்கிறது?

உத்திரமேரூர்ப் பக்கத்துப் பள்ளி மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “சார், சினிமாவில் துப்பாக்கிக் குண்டு பட்டவன் பத்தடி தள்ளிப் போய் விழுகிறானே, அது உண்மையா?” நல்ல கேள்வி. இதற்கு விடை தேடினால், மான் வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் எந்தக் குண்டால் சுடலாம் என்று சட்டம் ஏன் சொல்கிறது என்பதும் விளங்கும்.

பந்தும் குண்டும்

நம் போலீசார் நெடுங்காலம் பயன்படுத்திய 303 ரைபிளை எடுத்துக் கொள்வோம். அதன் குண்டின் நிறை சுமார் 11 கிராம். குழலை விட்டு வெளிவரும்போது அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 740 மீட்டர். நிறையை வேகத்தால் பெருக்கினால் உந்தம் கிடைக்கும். அது சுமார் 8 அலகு (கிலோகிராம் மீட்டர்/வினாடி).

இனி, 160 கிராம் கிரிக்கெட் பந்து மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். அதன் உந்தம் சுமார் 6 அலகு. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை அல்லவா? 75 கிலோகிராம் எடையுள்ள ஆண் புள்ளிமான் ஒன்றின் உடலில் இந்தக் குண்டு தைத்து நின்றுவிட்டால்கூட, அந்த உந்தம் மானுக்குத் தரும் வேகம் வினாடிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர்தான். நாம் நடக்கும் வேகத்தைவிட இது மிகக் குறைவு. ஆகவே சினிமாவில் காட்டுவது உண்மையல்ல.

ஆனால் இயக்க ஆற்றலைப் பாருங்கள். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். பந்துக்குச் சுமார் 120 ஜூல். குண்டுக்கோ சுமார் 3000 ஜூல். இருபத்தைந்து மடங்கு! குண்டு விலங்கைத் தள்ளுவதில்லை. தசையையும் இரத்தக் குழாயையும் கிழிக்கிறது. அந்த வேலையைச் செய்வது ஆற்றலே.

ஊடுருவிச் சென்றால்?

முனை வரை கெட்டியான உலோக உறை மூடிய குண்டு, வினாடிக்கு 700 மீட்டர் வேகத்தில் மானின் உடலில் நுழைந்து 600 மீட்டர் வேகத்தில் மறுபுறம் வெளியேறுவதாகக் கொள்வோம். நுழையும்போது ஆற்றல் சுமார் 2700 ஜூல்; வெளியேறும்போது சுமார் 1980 ஜூல். உடலில் செலவானது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். மீதி அப்பால் உள்ள மரத்துக்கோ மண்ணுக்கோ போய்விடுகிறது. சிறு துளையுடன் மான் ஓடிவிடும்; எங்கோ புதரில் கிடந்து நெடுநேரம் துன்புற்றுச் சாகும்.

இதைத் தவிர்க்கவே, முனையில் ஈயம் வெளியே தெரியும் குண்டையோ, முனையில் குழி உள்ள குண்டையோ பயன்படுத்துகிறார்கள். இவ்வகைக் குண்டு உடலில் பட்டதும் அதன் முனை நாய்க்குடைபோல் விரிகிறது. விட்டம் இரு மடங்கானால் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகும். தடை பெருகி, ஆற்றலின் பெரும்பகுதி உடலுக்குள்ளேயே செலவாகிறது. ஆனால் குண்டு மிக மென்மையாக இருந்தாலும் ஆபத்து உண்டு. தோலருகிலேயே உடைந்து சிதறி, இதயத்தையும் நுரையீரலையும் எட்டாமல் போகும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதே ஏற்ற குண்டு.

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான 1991-ஆம் ஆண்டு மான் சட்டம் விரியும் குண்டையே கட்டாயமாக்குகிறது. சில சிறிய மான் இனங்களைத் தவிர மற்றவற்றுக்கு, குழல் வாயில் குண்டின் ஆற்றல் 1700 அடி-பவுண்டு, அதாவது சுமார் 2300 ஜூல், இருக்க வேண்டும் என்பதும் விதி.

இதில் ஒரு விந்தை உண்டு. விரியும் குண்டுகளில் பெயர்பெற்ற ஒன்று, 1890-களில் கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில் உருவானது. அது உண்டாக்கும் காயம் மிகக் கொடியது என்பதால், 1899-இல் ஹேக் நகர மாநாடு இத்தகைய குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என அறிவித்தது. மனிதர் மீது கொடுமை என்று விலக்கப்பட்டது, மானுக்கு விரைவில் சாவு தரும் என்பதற்காக விதிக்கப்படுகிறது. பௌதிகம் இரண்டிலும் ஒன்றே.

சிதறிய ஈயம்

ஈயக் குண்டு விரியும்போது நுண்ணிய துகள்களும் சிதறுகின்றன. ஈயம் நஞ்சு. வேட்டைக்காரர்கள் காட்டிலே விட்டுச் செல்லும் குடலைத் தின்னும் பறவைகளின் இரத்தத்தில் அது கலக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா காண்டோர் என்னும் பெரிய கழுகினம் 1982-இல் 22 பறவைகளாகக் குறைந்துவிட்டது. பெருமுயற்சியால் காப்பாற்றப்பட்ட அந்த இனத்துக்கு இன்றும் முதல் எதிரி ஈய நஞ்சே. அதனால் 2019 ஜூலை முதல் கலிபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. அதற்கு மாற்று செம்புக் குண்டு. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 8.9. எனவே அதே நிறையுள்ள செம்புக் குண்டு சற்று நீளமாக இருக்கும். ஆனால் அது இதழ்போல் விரிந்தும் பெரும்பாலும் சிதறாமல் இருக்கும்.

நம் நாட்டில் மானை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்கு வெகுகாலம் முன்பே நம் பக்கத்து மக்கள் துப்பாக்கிக்குத் தடை வாங்கியதுண்டு. வேடந்தாங்கல் ஏரியில் ஆங்கிலச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798-இல் ஆணை பெற்றார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

முடிக்குமுன் உங்களுக்கு ஒரு கணக்கு. 303 ரைபிளின் நிறை 4 கிலோகிராம் எனக் கொள்ளுங்கள். குண்டு வெளியேறும்போது ரைபிள் எந்த வேகத்தில் பின்னோக்கி உதைக்கும்? அப்போது அதன் இயக்க ஆற்றல் எத்தனை ஜூல்? உந்தம் இரண்டுக்கும் சமமாக இருந்தும் சுடுபவரின் தோள் ஏன் தப்புகிறது என்பது அந்த விடையில் தெரியும்.