தறிக்குத் திரும்பி வந்த கணிப்பொறி

கொள்ளேகால் என்றதும் பட்டுதான் நம் நினைவுக்கு வரும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மைசூர் மாநிலத்தோடு சேரும்வரை, இவ்வட்டம் சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்திலும், 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்திலும் சேர்ந்தது. பழைய சென்னை மாகாணத்தில் பட்டுப்புழு வளர்ப்புக்குப் பேர்பெற்ற வட்டம் இதுவே. பட்டும் சரிகையும் நெய்யும் தறிகள் இவ்வூருக்குப் புகழ் சேர்த்தன. பூவுரு நெய்யும் தறியின் தலைமேல் ஏறி அமர்ந்திருக்கும் பெட்டி ஒன்றைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

அதற்கு ஜக்கார்டுப் பெட்டி என்று பெயர். பிரான்சு நாட்டு லியோன் நகரத்தில் 1752-இல் பிறந்த ஜக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டில் ஆக்கிய பொறி அது. துளையிட்ட அட்டைகளை நூலால் மாலைபோலக் கோத்துப் பெட்டியில் மாட்டுவர். ஊடை ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை திரும்பும். துளை உள்ள இடத்தில் கொக்கி எழுந்து பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாவிடத்தில் நூல் கீழேயே கிடக்கும். ‘உண்டு, இல்லை’ என்னும் இரண்டே சொற்களால் மாங்காயும் மயிலும் துணியில் எழுந்துவிடுகின்றன! இப்பொறி தம் பிழைப்பைக் கெடுக்கும் என்று அஞ்சி, லியோன் நெசவாளர் தொடக்கத்தில் அதனை வெறுத்தனர். அவ்வச்சத்தை நாம் நகைக்க மாட்டோம்.

இங்கிலாந்தின் பாபேஜ் என்னும் கணித அறிஞர், தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு ஏவல் இடுவதற்கு இதே அட்டைமுறையைத்தான் எடுத்துக்கொண்டார். 1890-இல் அமெரிக்காவின் குடிக்கணக்கை ஹாலரித் என்பார் துளையட்டைகளைக் கொண்டே எண்ணி முடித்தார். அவர் நிறுவிய குழுமமும் வேறு சிலவும் 1911-இல் ஒன்றாயின. 1924-இல் அதற்கு ஐ.பி.எம். என்று பெயர் வந்தது. ஆகவே, தறியினின்று புறப்பட்ட அறிவு உலகெல்லாம் சுற்றி, இன்று கணிப்பொறியாகத் தறிக்கே திரும்பி வந்திருக்கின்றது.

திரும்பி வந்து அது செய்வது என்ன? முன்னெல்லாம் ஒரு புடவைக்கு ஆணை கொடுத்தால், அது கைமாறிக் கைமாறியே தறிக்கு வந்து சேரும். வாங்குவோர் கடையில் சொல்வர். கடைக்காரர் பாவு தரும் முதலாளிக்கு எழுதுவார். அவர் உரு வரைவோரிடம் விடுவார். வரைவோர் கட்டமிட்ட தாளில் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டுவார். அட்டை குத்துவோர் அதைப் பார்த்துப் பார்த்துத் துளையிடுவார். அங்குலத்துக்கு 60 ஊடை என்று கொண்டால், 8 அங்குல உயரமுள்ள ஒரு பூவுருவுக்கே 480 அட்டைகள் வேண்டும். உருவில் சிறு மாற்றம் வேண்டுமாயினும் அட்டை புதிதாகக் குத்த வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் நாளும் போகும், பிழையும் புகும். இருப்புப்பாதை அலுவலகத்தில் முன்பதிவுத் தாளைப் பார்த்துக் கணிப்பொறியில் பதியும் நமக்கு இத்துன்பம் நன்கு தெரியும்; எழுதியவர் கையெழுத்து ஒன்று, படிப்பவர் கண் ஒன்று.

இன்று நெசவூர்கள் பலவற்றில் உருவைக் கணிப்பொறித் திரையிலேயே வரைகின்றனர். வாங்குவோர் கைப்பேசியில் பார்த்து, கரையை அகலமாக்குக, அன்னத்தை எடுத்து மயிலை வைக்க என்று சொல்லிவிடலாம். ஒப்பிய உரு சிறு நினைவுக் கருவியில் ஏறித் தறிக்கு வருகிறது. அங்கே அட்டைக்குப் பதிலாக மின்காந்தங்கள் கொக்கிகளை ஆளுகின்றன. கைத்தறியாயின் மிதிப்பதும் நாடா எறிவதும் நெசவாளரே. நாட்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிகின்றது.

நன்மைதான், மறுக்கவில்லை. ஆயினும் அட்டை கிழிந்தால் வீட்டிலேயே வேறோர் அட்டை குத்திச் சேர்க்கலாம்; மின்பலகை பழுதானால் நகரத்துக்கன்றோ அனுப்ப வேண்டும்? மின்சாரம் நின்றால் அட்டைத்தறி ஓடும், மின்தறிப் பெட்டி நிற்கும். அட்டை குத்தியே பிழைத்தவர்க்கு வேறு வழி என்ன என்பதை ஒருவரும் பேசக் காணோம். இவை எல்லாவற்றினும் பெரிதாக நாம் கருதுவது வேறொன்று. அட்டைக் கட்டு நெசவாளர் வீட்டில் தொங்கியபோது உருவும் அவ்வீட்டில் இருந்தது. கணிப்பொறிக் கோப்போ ஆணை வாங்குவோரிடம் இருக்கும். கோப்பை வைத்திருப்பவர் நாளை அதே உருவை வேற்றூர் விசைத்தறிக்கு அனுப்பினால், நெய்தவர் கேட்க இயலுமா? உருவின் உரிமை யாருக்கு என்பதைக் கூலி பேசும்போதே எழுத்தில் பேசிக்கொள்ளுமாறு நெசவுக் குடும்பங்களை வேண்டுகின்றோம்.

வாங்கும் குடும்பங்களுக்கும் ஒரு சொல். திருமணப் புடவையைக் கைப்பேசி வழியே சொல்லிவிடுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. திரையில் தெரியும் அரக்கு வேறு, சாயத்தில் ஏறும் அரக்கு வேறு. நூல் மாதிரியை அஞ்சலில் வாங்கிப் பார்த்த பின்னரே நிறத்தை ஒப்புக. பட்டு நூலின்மேல் வெள்ளி இழை சுற்றிப் பொன்முலாம் பூசியதே உயர்ந்த சரிகை. செம்பிழைச் சரிகையும் உண்டு. எது என்று கேட்டு எழுதி வாங்குக. மையப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-இல் தொடங்கிய ‘சில்க் மார்க்’ முத்திரை தூய பட்டு என்பதற்குச் சான்று. ஆனால், கையால் நெய்தது என்பதற்கு அது சான்றாகாது. அதற்கு 2006-இல் வந்த கைத்தறி முத்திரையைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலர்.

நம் சங்கத்து இளைஞரிடம் ஒன்று கேட்க விரும்புகின்றோம். நெசவாளர் வீட்டுப் பரண்களில் பழைய அட்டைக் கட்டுகள் தூசு படிந்து கிடக்கும். அவை எடைக்குப் போகுமுன், விடுமுறை நாள்களில் சிலர் கூடி அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றித் தரலாம். கோப்பை அந்த வீட்டாரிடமே ஒப்படைக்கலாம். துளை உள்ள இடம் கறுப்புக் கட்டம், இல்லாத இடம் வெள்ளைக் கட்டம். பள்ளிப் பிள்ளைகளும் செய்யத்தக்க வேலை. கட்டை அவிழ்க்குமுன் அட்டை ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் இடுதல் வேண்டும். கோத்த நூல் அறுந்து அட்டைகள் கலைந்துவிட்டால், வரிசையை மீட்பது அரிது.