ஏரிக்கரையில் எண்ணுகிறவர்கள்

பறவை பார்ப்போர் குழு என்றால் கட்டடமும் பெயர்ப்பலகையும் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆசிரியர், வங்கி ஊழியர், கல்லூரி மாணவி, ஓய்வுபெற்றவர், பட்டறைக்காரர் எனப் பத்துப் பதினைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் ஒரு கண்மாய்க் கரையில் கூடுவார்கள். வெயில் ஏறியதும் அவரவர் பட்டியலைச் சரிபார்த்துவிட்டு டீக்கடைக்குப் போவார்கள். பார்வைக்கு வெறும் பொழுதுபோக்குதான். ஆனால், இப்படிப்பட்டவர்கள் எழுதிவைக்கும் குறிப்புகளைப் பறவையியல் நம்பியிருக்கும் அளவுக்கு வேறு அறிவியல்கள் நம்பியிருப்பதில்லை. வானியலை வேண்டுமானால் விலக்காகச் சொல்லலாம்.

கூடி எண்ணும் இந்தப் பழக்கம் பிறந்தது வேட்டைக்கு மாற்றாக. கிறிஸ்துமஸ் நாளில் அணி பிரிந்து போய், எந்த அணி அதிகம் சுட்டுவருகிறது என்று போட்டி போடுவது அமெரிக்காவில் ஒரு கொண்டாட்டமாக இருந்தது. சுடுவதற்குப் பதில் எண்ணலாமே என்று 1900இல் சொன்னவர் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர். அந்த ஆண்டு 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றுவரை தொடர்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, தொப்பியில் கொக்கிறகு செருகும் நாகரிகத்தை எதிர்த்து இங்கிலாந்தில் 1889இலும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1896இலும் பெண்கள் சங்கம் அமைத்திருந்தார்கள். இறகுக்காகக் கூட்டிலேயே கொல்லப்பட்ட பறவைகளின் கணக்கு அவர்களை உலுக்கியிருந்தது.

இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1883இல் தொடங்கியது. முதல் உறுப்பினர்களில் பலரும் துப்பாக்கி பிடித்தவர்கள்தான். சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் 1941இல் வந்த பிறகே, பைனாகுலரோடு போகும் சாதாரண ஆட்கள் பெருகினார்கள். சென்னையில் மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் 1978இல் உருவானது. பின்னர் கோவை, திருப்பூர், நெல்லை என ஊருக்கொரு குழு வந்தது. நெடுங்காலம் இவர்களின் பேச்சில் பறவைப் பெயர்கள் ஆங்கிலத்திலேயே இருந்தன. கரிச்சான், இரட்டைவால் குருவி, வலியன் என்று ஒரே பறவைக்கு ஊருக்கு ஒரு பெயர் இருந்தது இதற்கு ஒரு சாக்கு. ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட அறிமுகக் கையேடு போன்ற நூல்கள் வந்த பிறகு, பள்ளிப் பிள்ளைகளும் தமிழிலேயே பட்டியல் எழுதுகிறார்கள்.

எண்ணும் முறை எளிது; பொறுமைதான் வேண்டும். குளத்தைக் கரைமரம், மதகு, திட்டு என அடையாளம் வைத்துத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்ல, இன்னொருவர் எழுதுவார். பார்க்கிறவரே எழுதக் குனிந்தால் விட்ட இடம் தெரியாது. நாமக்கோழிகள் ஐந்நூறு ஒன்றாக மிதக்கும்போது ஒவ்வொன்றாக எண்ணி முடியாது. முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் படிப்படியாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஓர் ஆள்காட்டி தன் பெயருக்கு ஏற்பக் கத்திவைத்தால் கூட்டம் முழுவதும் எழும்பிவிடும். பிறகு முதலிலிருந்துதான்.

புதிதாகச் சேர்கிறவர்கள் அரிய பறவையைத் தேடி அலைவார்கள். கணக்குக்கு உதவுவது காகமும் மைனாவும் தவிட்டுக்குருவியும். பார்த்த நேரம், நடந்த தூரம், கண்ட இனங்கள் அத்தனையும் பட்டியலில் இருந்தால்தான் அது அடுத்த ஆண்டோடு ஒப்பிடத் தகும். வறண்ட குளத்தில் ஒன்றுமே இல்லையென்றால் அதையும் எழுத வேண்டும்.

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளை எண்ணி வருகிறார்கள். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்குக் குளம்கூட வேண்டாம். மொட்டைமாடியில் 15 நிமிடம் நின்று பார்த்ததை இபேர்டு செயலியில் ஏற்றினால் போதும். இப்படிச் சேர்ந்தவைதான் 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கைக்கு அடிப்படை. 30,000க்கும் மேற்பட்டோர் தந்த சுமார் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்கள் அதில் ஆராயப்பட்டன. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்தவை 338. அவற்றில் 204 இனங்கள் குறைந்திருந்தன. தந்திக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையும் குறைந்து வருவது அப்போது தெரிந்தது. மயில் பெருகியிருப்பதைச் சொல்ல அறிக்கை தேவையில்லை, உழவர்களைக் கேட்டாலே போதும். செல்போன் கோபுரத்தால் சிட்டுக்குருவி அழிந்தது என்ற பரவலான நம்பிக்கைக்கும் இந்தக் கணக்கு பதில் வைத்திருக்கிறது. பெருநகரங்களில் அது குறைந்திருக்கிறது. நாடு முழுவதையும் பார்த்தால் ஏறத்தாழ நிலையாக இருக்கிறது. கோபுரத்தின் மேல் பழி போடச் சான்று இல்லை.

எண்ணாமலே காத்தவர்களும் உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுடுவதைத் தடுக்க வேண்டும் என்று ஊரார் முறையிட்டதன் பேரில், 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் கவுல் என்ற உறுதிப்பத்திரம் எழுதித் தந்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. ஊராரின் அக்கறையில் கணக்கும் இருந்தது: பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு எரு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி கிடையாது. கூந்தன்குளத்தில் நாரைகள் வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டுகின்றன. மீன் வாடையும் எச்சமும் வாசலில் விழுவதை ஊர் பொறுத்துக்கொள்கிறது. 2020இல் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டது. குஞ்சு பறக்கும்வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக, தெருவே இருட்டில் நடந்தது.

பட்டியல் எழுதுகிறவர்களும் ஊராரும் சேர வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது: குளம் தூர்வாருகிற நாள். ஏரி ஆழமாக வேண்டும் என்பது பாசனக்காரர் விருப்பம், அதில் தவறில்லை. ஆனால் நீர்ப்பறவை எங்கே மேயும் என்பதைக் கால் நீளம் தீர்மானிக்கிறது. உள்ளானுக்கு ஈரச் சேறும் ஓரிரு அங்குலத் தண்ணீரும் வேண்டும். நாரைக்கு முழங்கால் அளவு. கரையோரத்தைச் செங்குத்தாக வெட்டி அண்டாபோல ஆக்கிவிட்டால் முக்குளிப்பானும் நீர்க்காகமும் மட்டுமே மிஞ்சும். ஒரு பக்கத்தைச் சரிவாக விட்டு, அள்ளிய மண்ணைத் திட்டாகக் குவித்துக் கருவேலம் நட்டால் இரு தரப்புக்கும் வழி பிறக்கும். சீமைக் கருவேலத்தை ஒழிப்பதிலும் இதே சிக்கல்தான். அது அந்நிய மரம் என்பது சரி. அதில் நாரைகள் கூடு வைத்திருக்கும் குளத்தில் மாற்று மரம் வளருமுன் வேரோடு பிடுங்கினால் அவை வேறு இடம் தேட வேண்டியதுதான். எந்தத் திட்டில், எந்த மாதம், எத்தனை கூடு என்று தேதியோடு காட்டும் நோட்டு இருந்தால் அதிகாரிகளிடம் பேச்சு எடுபடும். சாக்கடையும் சாயக்கழிவும் பாதித்த திருப்பூர் நஞ்சராயன் குளம், மத்திய ஆசியாவிலிருந்து இமயம் தாண்டி வரும் வரித்தலை வாத்தையும் பார்த்த குளம். அது 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமானதற்கும், 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததற்கும் பின்னால் உள்ளூர் ஆர்வலர்களின் தொடர்ந்த பதிவுகள் இருக்கின்றன.

பறவை பார்ப்பவர்களாலேயே கேடு வருவதும் உண்டு, கேமரா மலிந்த பிறகு அது கூடியிருக்கிறது. கூட்டைத் தெளிவாக எடுக்க இலையை ஒடித்தால் முட்டைமேல் வெயில் விழும், காகத்துக்கும் வழி தெரியும். செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைத்தால், எதிராளி வந்துவிட்டான் என்று அது கூட்டை விட்டுவிட்டு அலையும். கட்டுப்பாடுள்ள குழுக்கள் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. இனப்பெருக்கக் காலத்தில் இடத்தின் பெயரையும் வெளியிடுவதில்லை. வேட்டைக்கும் விற்பனைக்கும் இலக்காகும் சில இனங்களின் சரியான இடத்தை இபேர்டும் பொதுப்பார்வைக்குக் காட்டுவதில்லை. பதிவு கணக்கில் சேரும், வரைபடத்தில் புள்ளி மட்டும் இருக்காது.