அழுத்தம் எந்த அசையில்?

இத்தாலிய மொழியில் 'கபிதனோ' என்று நான்கு அசைகளை எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது. முதல் அசையை அழுத்தினால் 'அவை நேர்கின்றன'. மூன்றாவதை அழுத்தினால் 'கேப்டன்'. கடைசியை அழுத்தினால் 'அவன் தலைமை தாங்கினான்'. கடைசி வடிவத்துக்கு மட்டும்தான் எழுத்தின் தலையில் சாய்கோடு போடுவது கட்டாயம். மற்ற இரண்டையும் வாசிப்பவரே இடம் பார்த்துக் கண்டுகொள்ள வேண்டும்.

அசை பிரிப்பது எளிது. ஓர் அசைக்கு ஓர் உயிர். இரட்டித்த மெய் நடுவில் பிளக்கும். சேர்ந்து ஒலிக்கும் ஈருயிர் ஒரே அசைதான். ஆகவே 'பேசுகிறோம்' என்பது பர்-லியா-மோ. சிக்கலெல்லாம் அழுத்தத்தில். பெரும்பாலான சொற்களில் அது ஈற்றயல் அசையில் விழும். வினைச்சொற்களோ இந்த நம்பிக்கையை அடிக்கடி கெடுக்கும்.

'அபிதாரே' என்றால் வசிப்பது. 'இன்விதாரே' என்றால் அழைப்பது. இரண்டிலும் அழுத்தம் 'தா'வில். ஆனால் 'வசிக்கிறேன்' என்பது ஆ-பி-தோ, அழுத்தம் முதலசையில். 'அழைக்கிறேன்' என்பது இன்-வீ-தோ, அழுத்தம் இரண்டாவதில். காரணம் லத்தீனில் இருக்கிறது. அங்கே ஈற்றயலில் நெடில் இருந்தால் அழுத்தம் அதன்மேல். குறில் மட்டும் நின்றால் ஓர் அசை முன்னே தாவும். முதல் சொல்லில் இருந்தது 'பி', இரண்டாவதில் 'வீ'. குறிலும் நெடிலும் பொருள் பிரிக்கும் வேலையைப் பின்னாளில் விட்டுவிட்டன. அழுத்தம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

'வசிக்கிறார்கள்' இன்னும் வேடிக்கை: ஆ-பி-த-னோ, கடைசியிலிருந்து நான்காம் அசையில் அழுத்தம். லத்தீனில் மூன்றசைதான். ஈற்று மெய்கள் தேய்ந்து 'னோ' ஒட்டியபோதும் அழுத்தம் நகரவில்லை. ஏவல் வினையின் வாலில் 'எனக்கு', 'அதை' என்ற துணுக்குகள் ஒட்டினாலும் அப்படியே. 'எனக்கு அதைச் செய்துகொடு' என்னும் ஃபாப்-ப்ரி-க-மே-லோவில் முதலசையே அழுத்தம் பெறும். மற்ற நான்கும் பின்னால் உருண்டோடும்.

நிகழ்காலத்தில் 'நாம்', 'நீங்கள்' வடிவங்களில்தான் அழுத்தம் விகுதிக்கு இறங்குகிறது. அப்போது பகுதியின் உயிரே மாறிவிடுவதுண்டு. 'உட்காருகிறேன்' சியே-தோ, 'உட்காருகிறோம்' செ-தியா-மோ. அழுத்தம் பெற்ற எகரம் 'இயெ' என விரிந்தது, பெறாதது வெறும் எகரமாகவே தங்கிற்று. ஒழுங்கற்றவை என்று பாடநூல்கள் பட்டியலிடும் வினைகள் சிலவற்றின் ரகசியம் இவ்வளவுதான். பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இதைப் புரிந்துகொள்வது லேசு.

இத்தாலியர்களும் எப்போதும் ஒரே குரலில் பேசுவதில்லை. 'பிரிக்கிறேன்' என்பதை லத்தீன் கணக்குப்படி முதலசையில் அழுத்திச் சே-ப-ரோ என்பார்கள். செ-பா-ரோ என்று நடுவில் அழுத்துவோரும் உண்டு.